நாலுவழிச் சாலைக்கு முந்தின வழி: கொட்டாம்பட்டியைச் சுத்தி ஒரு பாதைத் தேடல்

இந்த எபிசோடுக்குக் காரணம் என்கூட காலேஜ்ல படிச்ச ஒருத்தன். இப்போ எடின்பரோவில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை ஆனா வாட்ஸ்அப்ல ஒரு மேப் வந்துரும். ரெண்டு கிராமம், நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு, கீழ "பதினோரு கிலோமீட்டர், தார் ரோட்ல கால் வைக்கல"ன்னு ஒரு வரி. ஒருநாள் அவனே கேட்டான்: "டேய், நம்ம கொட்டாம்பட்டியிலிருந்து கருங்காலக்குடிக்கு இப்படிப் போக முடியுமாடா?"

நியாயமான கேள்வி. திருச்சி-மதுரை நெடுஞ்சாலையில் பஸ் ஏறினா பத்து கிலோமீட்டர் சுமார், டிக்கெட் வாங்கி முடிக்கிறதுக்குள்ள இறங்கிடலாம். ஆனா நெடுஞ்சாலை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தப் பக்கம் மனுஷங்க இருந்திருக்காங்க, போய் வந்திருக்காங்க. அந்த வழி எங்கே போச்சு?

முதல்ல அவன் எப்படி நடக்கிறான்னு பார்த்துடலாம். ஸ்காட்லாந்தில் 2003-ல் ஒரு நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. பொறுப்பா நடந்துக்கிற யாரும் பெரும்பாலான நிலத்தில், தனியார் நிலமா இருந்தாலும், நடந்து போகலாம்னு அது சொல்லுது. அந்தச் சட்டம் திடீர்னு வானத்திலிருந்து குதிக்கல. பொதுப்பாதைகளைக் காப்பாத்த எடின்பரோவில் 1845-லேயே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, ஜான் ஹட்டன் பால்ஃபர்ங்கிற தாவரவியல் பேராசிரியர் மாணவர்களைக் கூட்டிட்டு கிளென் டில்ட்ங்கிற பள்ளத்தாக்கு வழியா வந்தார். அத்தால் பிரபுவோட ஆட்கள் மறிச்சாங்க. "இது எங்க நிலம்"னு பிரபு. "இது காலங்காலமா ஜனங்க நடந்த வழி"ன்னு சங்கம். வழக்கு வருஷக்கணக்கா இழுத்துச்சு. பாதை பொதுப்பாதையாவே நிலைச்சது. இன்னைக்கும் அங்கே ரெண்டு பொது இடத்தை இணைக்கிற ஒரு பாதையை, ஒரே தடத்தில், 20 வருஷம் ஜனங்க உரிமையோட பயன்படுத்தியிருந்தா அது பொதுவழி.

இன்னொரு விஷயம் மேப். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய வரைபடங்களை ஸ்கேன் பண்ணி, இன்றைய சேட்டிலைட் படத்து மேல பொருத்தி, இலவசமா வெச்சிருக்கு. அதில் பழசானதில் ஒண்ணு வில்லியம் ராய் பேரால அறியப்படுறது, 1747-லிருந்து 1755 வரைக்கும் வரைஞ்சது. ஏன் வரைஞ்சாங்க? 1745-ல் மலைநாட்டு ஆட்கள் லண்டன் அரசுக்கு எதிரா கிளம்பினாங்க. கலகத்தை அடக்கப் போன படைக்கு எந்தப் பள்ளத்தாக்கு எங்கே போகுதுன்னே தெரியல. அந்தத் திணறலில் பிறந்ததுதான் அந்த மேப்.

இந்த 1755-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க. ராயோட மேப் வேலை முடிஞ்ச அதே வருஷம், மே மாசம், நம்ம பக்கம் இன்னொரு பிரிட்டிஷ் படை மேப் இல்லாம மாட்டிக்கிச்சு. ஆற்காட்டு நவாபுக்காக மதுரை, திருநெல்வேலிச் சீமையில் வரி வசூலிக்க கிழக்கிந்தியக் கம்பெனி கர்னல் அலெக்சாண்டர் ஹெரானை அனுப்பியிருந்தது. அவர் ஒரு கோயிலைக் கொள்ளையடிச்சு, சிலைகளைத் தூக்கிட்டு திருச்சிக்குத் திரும்பினார். போன வழி நத்தம் கணவாய். ரெண்டு பக்கமும் காடு, நடுவுல குறுகலான தடம். கள்ளர்கள் காட்டுக்குள்ளேயிருந்து பாய்ஞ்சாங்க. படை நீளமா ஒத்தை வரிசையில் போனதால முன்னால இருக்கிறவனுக்குப் பின்னால நடக்கிறது தெரியல. சிலைகளை மீட்டுட்டுப் போயிட்டாங்க. ஹெரான் ராணுவ விசாரணையில் பதவி இழந்தார்.

வரலாற்றுப் புத்தகத்தில் இதை வீரக்கதையா மட்டும் படிக்கிறோம். எனக்கு இது பாதைக் கதையாகவும் தெரியுது. படைக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு வழி. தாக்கினவங்களுக்கு அந்தக் காட்டில் இருந்த அத்தனை வழியும் தெரியும்.

சரி, திருச்சியிலிருந்து மதுரைக்கு மொத்தம் எத்தனை வழி? இந்தக் கேள்விக்குச் சிலப்பதிகாரத்திலேயே பதில் இருக்கு. கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூணு பேரும் உறையூரிலிருந்து மதுரைக்கு நடக்கிறாங்க. எதிர்ல வர்ற மாங்காட்டு மறையவர் ஒருத்தர் வழி சொல்றார்: கொடும்பாளூர்க் குளக்கரையைத் தாண்டினா பாதை சிவனோட சூலம் மாதிரி மூணாப் பிரியும். வலது பக்கம் போனா சிறுமலை. இடது பக்கம் போனா திருமால்குன்றம், அதாவது அழகர்மலை. ரெண்டுக்கும் நடுவுல மூணாவது வழி. அதில் ஒரு காட்டுத் தெய்வம் வந்து மயக்கும், மத்தபடி பிரச்சினை இல்லை.

கொடும்பாளூர் இன்னைக்கும் இருக்கு, விராலிமலைக்குப் பக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டம். மேப்பைத் திறந்து கொடும்பாளூரிலிருந்து மதுரைக்கு ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்க. கோடு அழகர்மலை மேல ஏறும். மாட்டையும் மூட்டையையும் வெச்சுக்கிட்டு அப்படி ஏற முடியாது, மலையைச் சுத்தணும். மலைக்கு மேற்கே சுத்தினா, சிறுமலைக்கும் அழகர்மலைக்கும் நடுவுல, நத்தம் கணவாய். கிழக்கே சுத்தினா துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, கருங்காலக்குடி, மேலூர். தெற்குப் பார்த்து நடக்கிறவனுக்குக் கிழக்கு இடது கைப்பக்கம். அப்போ இளங்கோ சொல்ற இடது வழி நம்ம கொட்டாம்பட்டிப் பக்கம்தான் வந்திருக்கணும், ஹெரான் மாட்டினது அந்த நடுவழியில்னு நான் வாசிக்கிறேன். தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம், வாங்க, அதுக்கே ஒரு எபிசோட் போடலாம். ஆனா காட்டுத் தெய்வம் வழிமறிக்கும்னு காப்பியம் சொன்ன வழியில் கம்பெனிப் படை சிலையைத் தொலைச்சதை நினைச்சா சிரிப்பு வருதா இல்லையா?

காப்பியத்தை விடுங்க, கல்லுக்கு வருவோம். கருங்காலக்குடியில் பஞ்சபாண்டவர் குன்றுன்னு ஒரு பாறைக் குன்று இருக்கு. அதில் சமணத் துறவிகள் தங்கின கல்படுக்கைகள், மேல தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. அப்புறம் பல நூற்றாண்டு கழிச்சு அச்சணந்திங்கிற சமண முனிவர் செதுக்க வெச்ச தீர்த்தங்கரர் உருவம், வட்டெழுத்தோட. அங்கிருந்து தெற்கே வந்தா கீழவளவு, மாங்குளம், அரிட்டாபட்டி, அழகர்மலையில் கிடாரிப்பட்டி. எல்லாத்திலும் குகை, படுக்கை, பழைய எழுத்து. துறவிகள் ஊரை விட்டு விலகி மலைக்குப் போனாங்கன்னு ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தாங்க. பாதி உண்மை. படுக்கை வெட்டிக் கொடுத்தது யாருன்னு படிச்சா மீதி உண்மை தெரியும். 1882-ல் ராபர்ட் சூவல் கண்டுபிடிச்ச மாங்குளம் கல்வெட்டுகளில் பாண்டியன் நெடுஞ்செழியன் பேரோட, வெள்ளறை நிகமத்தார்னு ஒரு வணிகர் சங்கத்தோட பேரும் வருது. அழகர்மலைக் கல்வெட்டுகளில் பொன் கொல்லன் இருக்கான், துணி வியாபாரி இருக்கான், கொழு விக்கிறவன், பாகு விக்கிறவன் இருக்கான், உப்பு வியாபாரியும் இருக்கான். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி! இவங்க எல்லாரும் குகைக்குக் கொடை கொடுக்கணும்னா குகை அவங்க போற வழியில் இருந்திருக்கணும்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. வெள்ளறைங்கிறது திருச்சிக்கு வடக்கே இருக்கிற திருவெள்ளறைன்னு சிலர், மேலூர்-மதுரை ரோட்ல இருக்கிற வெள்ளரிப்பட்டின்னு சிலர். திருவெள்ளறைன்னா, அங்கிருந்து நிகமத்தார் மதுரைக்கு நடந்த தடம் நம்ம ஏரியாதான்.

கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே சிங்கம்புணரி, அதைத் தாண்டி பிரான்மலை. பறம்பு மலை, பாரியோட மலைன்னு எல்லாருக்கும் தெரியும். அங்கே கோயிலில் 13ஆம் நூற்றாண்டு வணிகர் சங்கக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. பொதி பொதியா என்னென்ன சரக்குப் போச்சு, எதுக்கு எவ்வளவு கோயிலுக்குக் கொடுக்கணும்னு ஒரு நீளப் பட்டியல்: உப்பு, நெல், பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பருத்தி, தேன், சந்தனம், பட்டு, குதிரை, யானை. ஒரு சூப்பர் மார்க்கெட் பில் மாதிரி. அதே கல்வெட்டில் தாவளம்னு ஒரு சொல் வரும், வணிகர்கள் தங்கிக் கடை போடுற இடம். தருமபுரிப் பக்கம் கிடைச்ச அதியமான் பெருவழிக் கல்லிலும் அந்தச் சொல் இருக்கு. நாவல்தாவளத்துக்கு 29 காதம்னு எழுதி, படிக்கத் தெரியாதவங்களுக்காக ரெண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி செதுக்கியிருப்பாங்க. பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒண்ணு. யுஐ டிசைன் பண்றவங்க போய்ப் பார்க்க வேண்டிய கல்.

பழைய தடத்தில் ஒண்ணு மட்டும் இன்னும் உயிரோட இருக்கு. நகரத்தார் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற பாதயாத்திரை. குன்றக்குடி, சிங்கம்புணரி, சமுத்திராபட்டி, நத்தம், திண்டுக்கல், பழனின்னு போகும். கொட்டாம்பட்டியை ஒட்டித்தான் அந்த வழி. காரைக்குடிப் பக்கத்து உப்பு வியாபாரி குமரப்பன், வியாபாரத்துக்குப் பழனி போனப்போ முருகனுக்குச் செய்ய ஆரம்பிச்ச மகமைதான் இதுக்கு வேர்னு 17ஆம் நூற்றாண்டுப் பட்டயங்கள் சொல்லுது. வழியை முதல்ல போட்டது உப்பு மூட்டை, சாமி அந்த வழியில் ஏறிக்கிட்டார். இன்னைக்கு அவங்களும் பெரும்பாலும் தார் ரோட்டு ஓரமாத்தான் நடக்கிறாங்க. ஆனா எங்கே நிக்கணும், எங்கே சாப்பிடணும், எங்கே தூங்கணும்ங்கிற இடைவெளி மட்டும் காலோட கணக்கு. காரோட கணக்கு இல்லை.

இப்போ கொட்டாம்பட்டி-கருங்காலக்குடி. நான் எப்படித் தேடினேன்னு சொல்றேன், நீங்க உங்க ஊருக்குச் செஞ்சு பார்க்கலாம்.

முதல்ல பழைய மேப். சர்வே ஆஃப் இந்தியா கட்டத்தில் கொட்டாம்பட்டி 58 ஜே ஷீட்டில் வரும். அந்தக் காலத்து ஒரு இஞ்ச் மேப்பில் வண்டிப்பாதை ஒரு குறி, ஒத்தையடிப் பாதை ஒரு குறி. 1950-களில் அமெரிக்க ராணுவம் இந்தியாவுக்குப் போட்ட யு502 வரிசை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசமா கிடைக்கும். ஆனா அது ரொம்பச் சின்ன அளவு, ஊர் பேரும் பெரிய தடமும் மட்டும்தான் தெரியும். 2017-ல் சர்வே ஆஃப் இந்தியாவே நக்ஷே போர்ட்டலில் ஷீட்டுகளை இலவசமா இறக்கிக்க விட்டுச்சு. நம்ம மேப்பை நம்மளே பார்க்க இவ்வளவு வருஷம் ஆச்சு.

அடுத்தது வருவாய்த்துறை. நிஜமான புதையல் இங்கேதான், ஆனா யாரும் திறந்து பார்க்கிறதில்லை. கிராம வரைபடம், புலப்படம், 'அ' பதிவேடு. நிலம் அளந்தது வரிக்காக. வரி போட முடியாத இடத்தைப் புறம்போக்குன்னு தனியா எழுதினாங்க: ஓடை, கண்மாய், மந்தை, மயானம், வண்டிப்பாதை. யாரும் பாதையைக் காப்பாத்தணும்னு நினைச்சு எழுதல. வரி கிடைக்காதுன்னு குறிச்சு வெச்சது, இன்னைக்கு அந்தப் பாதைக்கு ஒரே சாட்சி. தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் போட்டா புலப்படமும் 'அ' பதிவேட்டு விவரமும் வரும். பதிவேட்டில் ஒரு புல எண்ணுக்கு நேரா "பாதை"ன்னு இருந்தா அதன் மேல கட்டின வேலி ஆக்கிரமிப்பு. 1979-லிருந்து 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம், யுடிஆர்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க, அதுக்கு முந்தின பதிவேட்டையும் கேட்டு ஒப்பிடுங்க. ரெண்டுக்கும் நடுவுல பாதை பட்டாவா மாறியிருந்தா அங்கேயே தெரிஞ்சுடும்.

மூணாவது, ஆளுங்க. கருங்காலக்குடிக்குப் போற வழியில் ஒரு அப்பத்தாகிட்ட கேட்டேன். "ரோட்டு வழியாப் போனா சுத்துய்யா. நாங்க கம்மாக்கரையில ஏறி, கலுங்குல இறங்கி, மந்தையில ஏறிருவோம்"னு கையாலேயே மேப் போட்டுக் காட்டினாங்க. கண்மாய்க்கரைதான் இந்த ஊர்களோட நடைமேடை. மழையில் சுத்திலும் சேறானாலும் கரை மேடா நிக்கும். ஒரு கண்மாய் நிறைஞ்சு வழியிற கலுங்குத் தண்ணி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், ஓடையை ஒட்டியே மனுஷனும் போவான். மேலூர்ப் பக்கம் 1895-க்கு அப்புறம் பெரியாறு தண்ணி வந்ததால கால்வாய்க்கரை வழியும் சேர்ந்துச்சு. கொட்டாம்பட்டி வானம் பார்த்த பூமி, இங்கே கம்மாதான் எல்லாம். கொடும்பாளூரில் பாதை பிரியுறதும் குளக்கரையில்தான், கவனிச்சீங்களா?

அப்புறம் கிடை போடுற கீதாரிகள். ஆட்டை ஓட்டிக்கிட்டு மாவட்டம் மாவட்டமா நடக்கிறவங்க. எந்தப் பாதை அடைச்சிருக்கு, எது திறந்திருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவு எந்த ஆப்புக்கும் தெரியாது. கூகுள் மேப் காட்டாத தடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நாமளே வரையலாம். நான் நடந்ததை வரைஞ்சுட்டேன்.

நடக்கும்போது தேட வேண்டியது சுமைதாங்கி. ரெண்டு கல்லை நட்டு, மேல ஒரு கல்லைக் குறுக்கே வெச்சிருப்பாங்க, தோள் உயரத்துக்கு. தலைச்சுமையை இறக்கி வைக்கவும், அடுத்தவங்க தூக்கி விடாமலே திரும்ப ஏத்திக்கவும். பிள்ளைப்பேறுக்கு முன்னாடியே இறந்துபோன கர்ப்பிணிப் பெண்ணோட ஞாபகமா நிறைய ஊரில் இதை வெப்பாங்க. அவ இறக்கி வைக்க முடியாம போன சுமையை வர்றவங்க போறவங்க இறக்கி வைக்கட்டும்னு. வயக்காட்டு நடுவுல, ரோட்டுக்குச் சம்பந்தமே இல்லாம ஒரு சுமைதாங்கி நின்னா, உங்க கால் நிக்கிற இடம் பழைய பாதை.

ரெண்டு தடவையா நடந்து முடிச்சேன். மூணு இடத்தில் வழி செத்துப் போச்சு. ஒண்ணு, கம்பிவேலி போட்ட ஒரு தென்னந்தோப்பு. இன்னொண்ணு, சீமைக்கருவேலம் மூடின கண்மாய், ஆடுகூட நுழைய முடியாது. மூணாவது நெடுஞ்சாலை. பழைய தடம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து முட்டுது, அந்தப் பக்கம் அதே நேர்கோட்டில் தொடருது, நடுவுல மீடியன். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போற கார்களுக்கு நடுவுல புல்லுக்கட்டோட ஒரு அம்மா தாண்டினதை நின்னு பார்த்தேன். அவங்க விதியை மீறல. அவங்க பாட்டி நடந்த நேர்வழியில்தான் நடந்தாங்க, சாலைதான் குறுக்கே வந்துச்சு. நாலுவழிச் சாலை வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், மதுரை ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் சீக்கிரம் போகுது. ஆனா பாதை வெட்டுப்படுற இடம் ஒவ்வொண்ணும் புலப்படத்தில் ஏற்கெனவே இருந்தது. அந்த இடங்களில் தரைக்கு அடியில் ஒரு நடைவழி விட்டிருக்கலாம்.

பாதை போனா அதோட என்ன போகும்னு மேலூர் வட்டத்துக்குத் தெரியும். 2012-ல் அப்போதைய மதுரை ஆட்சியர் உ. சகாயம், கிரானைட் குவாரி முறைகேட்டால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்புன்னு மதிப்பிட்டு எழுதினார். 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமிச்சது. கல்கழிவு கொட்டினதில் கண்மாய், வாய்க்கால், ஓடை எல்லாம் மூடினது அப்போ பேச்சாச்சு. கம்மாக்கரை போனா நடைவழியும் போச்சு, அதை யாரும் தனியா எண்ணல. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிக்கப்பட்டுச்சு. ரெண்டு வருஷத்தில் அதையும் உள்ளடக்கி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம். 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்துக்கு ஜனங்க ஆயிரக்கணக்கில் கிளம்பினாங்க, நடந்து. அதே மாசம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு.

சட்டம் நம்ம பக்கம் இல்லையா? இருக்கு. 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட்ஸ் சட்டத்தில் பக்கத்து நிலம் வழியா 20 வருஷம் தடையில்லாம, உரிமையா நடந்திருந்தா வழியுரிமை கேட்கலாம். ஸ்காட்லாந்துக்கும் நமக்கும் அதே 20. 1994 ஊராட்சிகள் சட்டப்படி ஊர்ப் பொதுப்பாதைகள் ஊராட்சியோட பொறுப்பு. நம்மகிட்ட இல்லாதது 1845-ல் எடின்பரோவில் ஆரம்பிச்ச மாதிரி ஒரு சங்கம். பாதைக்காகச் சேர்ந்து கோர்ட்டுக்குப் போற ஆட்கள்.

ஒரு வழி பக்கத்திலேயே இருக்கு. வருஷா வருஷம் மே, ஜூன் வாக்கில் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்கு எல்லாத்தையும் மேஜையில் வெச்சுத் தணிக்கை பண்ற நாள். எந்தக் கிராமத்துக்கு எந்தத் தேதின்னு முன்கூட்டியே அறிவிப்பாங்க. யார் வேணும்னாலும் மனு கொடுக்கலாம். நான் நடந்ததில் வேலி விழுந்த இடம், மீடியன் வெட்டின இடம், ரெண்டுக்கும் புல எண், புலப்பட நகல், போட்டோ மூணையும் சேர்த்து வெச்சிருக்கேன். மேலூர் தாலுகா ஆபீஸுக்கு மனு எழுதத் தெரிஞ்சவங்க, அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க இருந்தா எழுதுங்க, சேர்ந்து போவோம். உங்க ஊர் வயக்காட்டில் சுமைதாங்கி நின்னா போட்டோவும் லொக்கேஷனும் அனுப்புங்க. அது எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போற வழின்னு வீட்டில் பெரியவங்ககிட்ட கேட்டுட்டு அனுப்புங்க.